எலும்பில்லாத கறியும் கட்டிலில் ஏறாத குட்டியும்

பாறசாலையிலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதத்தின் சுருக்கம் இது:

"டாக்டர், எங்கள் வீட்டில் இரண்டு பூனைகள். கறுப்பிக்கு 3 வயது, 4 கிலோ எடை. குஞ்ஞனுக்கு நாலரை மாதம். இரண்டு மாதமாகப் பாக்கெட் தீனியை நிறுத்திவிட்டுப் பச்சைக் கறிதான் கொடுக்கிறேன். எலும்பில்லாத கோழிக்கறி, தினமும் கொஞ்சம் ஈரல், சாளை (மத்தி மீன்) கிடைக்கிற நாளில் பச்சைச் சாளை. சத்துக்காக ஆளுக்கொரு காட் லிவர் ஆயில் குளிகையும், நாங்கள் சாப்பிடும் மல்டிவிட்டமினில் பாதி மாத்திரையும் போடுகிறேன். டாரின் பொடி எவ்வளவு சேர்க்க வேண்டும்? முட்டை ஓட்டுப் பொடி வேண்டுமா, கால்சியம் டானிக் போதுமா? அம்மா, 'பூச்சைக்கு எதுக்கு மாத்திரை, மீன் தலையும் சோறும் தின்னு வளர்ந்த சாதியல்லவா' என்கிறார். இன்னொன்று, குஞ்ஞன் ஒரு வாரமாகக் கட்டிலில் ஏறுவதில்லை, தூக்கினால் கத்துகிறான். குளிர் பிடித்திருக்குமோ?"

அன்புச் சகோதரிக்கு,

கடைசியாக, போகிறபோக்கில் கேட்ட கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். அது குளிர் இல்லை என்றுதான் நினைக்கிறேன். இரண்டு மாதமாக எலும்பில்லாத கறி மட்டும் தின்ற நாலரை மாதக் குட்டி தாவ மாட்டேன் என்கிறது, தூக்கினால் வலியில் கத்துகிறது என்றால் எனக்கு முதலில் தோன்றுவது எலும்பு. இதைப் படித்து முடித்ததும் அவனை ஒரு சின்னக் கூண்டிலோ பெரிய அட்டைப் பெட்டியிலோ மெத்தென்று துணி விரித்து விடுங்கள், கட்டில், ஜன்னல், படிக்கட்டு எதுவும் வேண்டாம், நாளைக்கே எக்ஸ்ரே வசதி உள்ள கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம், இந்தப் பக்கம் மார்த்தாண்டம், எது முதலில் கிடைக்கிறதோ அது. தூக்கும்போது கக்கத்தில் கை கொடுத்துத் தொங்கவிடாமல், கூடையோடு தூக்குங்கள்.

ஏன் இவ்வளவு அவசரம் என்று சொல்கிறேன். ஒரு கிலோ எலும்பில்லாத கோழிக்கறியில் கால்சியம் 100 மில்லிகிராமுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். பாஸ்பரஸோ 1,700 முதல் 2,000 மில்லிகிராம் வரை. பூனைக்கு இந்த இரண்டும் ஏறக்குறைய சமமாகவோ கால்சியம் சற்றுக் கூடுதலாகவோ வேண்டும், நீங்கள் கொடுப்பதில் பாஸ்பரஸ் பதினேழு இருபது மடங்கு கூடுதல். இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயத்துடிப்பே தடுமாறிவிடும் என்பதால் உடம்பு அதை விடாது. கழுத்தில் தைராய்டை ஒட்டி இருக்கும் பாராதைராய்டு என்ற சின்னச் சுரப்பிகள், எங்கிருந்தாவது கால்சியத்தைக் கொண்டு வா என்று எலும்பிலிருந்து உருவ ஆரம்பிக்கும். வளர்ந்த பூனையின் எலும்பில் சேமிப்பு இருக்கிறது, மாதக்கணக்கில் தாங்கும். குட்டிக்கு அப்படி இல்லை. கட்டுகிற வீட்டிலிருந்தே செங்கலைப் பிடுங்குவது மாதிரி, அதன் எலும்பு வளரும்போதே மெலிந்துவிடும். அப்புறம் ஒரு நாள் நாற்காலியிலிருந்து குதித்த அதிர்ச்சிக்கே தொடை எலும்பு முறியும், முதுகெலும்பு அமுங்கும், இடுப்பெலும்பு குறுகி மலம் போக முடியாமல் தவிக்கும். குஞ்ஞன் ஒழுங்காக மலம் போகிறானா என்றும் பார்த்து டாக்டரிடம் சொல்லுங்கள். இன்னொரு விஷயம், இரத்தத்தில் கால்சியம் பார்த்தால் பெரும்பாலும் சரியாகவே காட்டும், எலும்பிலிருந்து உருவித்தானே சரிக்கட்டியிருக்கிறது. அதனால் "ரத்தம் நார்மல்" என்று நின்றுவிடாமல் எக்ஸ்ரே கேளுங்கள்.

இதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் சொல்லவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் இதே மாதிரி ஒரு குட்டியை ஒரு குடும்பம் கொண்டுவந்தது. நான் கால்சியம் சிரப் எழுதிக் கொடுத்து அனுப்பினேன், கறியை நிறுத்தச் சொல்லவில்லை, கூண்டில் வைக்கச் சொல்லவில்லை. ஒன்பது நாளில் பின்தொடை முறிந்து திரும்பி வந்தது. அந்தக் குட்டியை இன்றும் மறக்கவில்லை, அதனால்தான் உங்கள் கடிதத்தைப் பார்த்தவுடன் மற்றவர்களுடையதை ஒதுக்கி வைத்துவிட்டு எழுதுகிறேன்.

நல்ல செய்தியும் உண்டு. எலும்பு முறியாமல் இருந்தால் இது பெரும்பாலும் தீனியை மாற்றினாலே சரியாகிற நோய். ஒரு சில வாரம் அடைத்து வைத்து, வளரும் குட்டிக்கான முழுத் தீனி கொடுத்தால் எலும்பு திரும்ப இறுகும். பாக்கெட்டில் "கம்ப்ளீட்" என்றும் வளரும் குட்டிகளுக்கு என்றும் இருக்க வேண்டும். "காம்ப்ளிமென்டரி" என்று போட்டிருந்தால் அது நொறுக்குத் தீனி, பசியாறத்தான் உதவும். ஒரு வயது ஆகும்வரை குஞ்ஞனுக்கு வீட்டுக் கறி பிரதானத் தீனியாக வேண்டவே வேண்டாம். குட்டியின் கணக்கில் பிழைக்கு இடமில்லை, வீட்டில் அந்தக் கணக்கை யாரும் சரியாகப் பிடிப்பது கடினம், நானும் பிடிக்க மாட்டேன்.

கால்சியம் டானிக் பற்றிக் கேட்டீர்கள். மருந்துக் கடையில் மாட்டுக்கும் நாய்க்கும் விற்கிற டானிக் பாட்டிலின் லேபிளைப் பாருங்கள், பலவற்றில் கால்சியத்தோடு பாஸ்பரஸும் வைட்டமின் டி3யும் சேர்ந்தே இருக்கும். ஏற்கெனவே பாஸ்பரஸ் வழிகிற கறியில் இன்னும் பாஸ்பரஸ் ஊற்றினால் கால்சியத்தின் விகிதம் எப்படி நிமிரும்? டி3 கூடினால் சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படியும். முட்டை ஓட்டுப் பொடியில் கிட்டத்தட்ட முழுக்கக் கால்சியம் கார்பனேட்தான், பாஸ்பரஸ் சொல்லும்படி இல்லை, அதனால்தான் எலும்பில்லாத கறிக்கு அது பொருத்தம். ஓட்டைக் கழுவி, பத்து நிமிடம் கொதிக்க வைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, மிக்ஸியில் மாவாகப் பொடித்துத் துணியில் சலித்துக்கொள்ளுங்கள். நறநறவென்று இருந்தால் குடலில் சரியாகக் கரையாது. ஒரு கிலோ எலும்பில்லாத கறிக்கு 6 கிராம். சுமாரான ஒரு முட்டையின் ஓடு 5, 6 கிராம் இருக்கும், ஆக கிலோவுக்கு ஒரு ஓடு என்று நினைவு வைத்துக்கொள்ளலாம். இது கறுப்பிக்கு மட்டும்.

சரி, இனி கறுப்பியின் தட்டுக்கு வருவோம். அதற்கு முன் அம்மா சொன்னதற்கு ஒரு வார்த்தை, ஏனென்றால் அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. நம் ஊர்ப் பூனைகள் மீன் தலையும் மரச்சீனித் துண்டும் சோறும் தின்றுதான் வளர்ந்தன. ஆனால் அது அவை வீட்டில் தின்றது. ராத்திரி விறகுப் புரையிலும் ரப்பர் தோட்டத்திலும் எலி, பல்லி, ஓணான், குருவி என்று தின்றதை யாரும் பார்க்கவில்லை. ஒரு எலியில் எலும்பு இருக்கிறது, ஈரல், இருதயம், மூளை, கண், இரத்தம் எல்லாம் இருக்கிறது. பூனைக்கு வேண்டிய மருந்துக் கடையே அந்த எலிதான். இப்போது தேசிய நெடுஞ்சாலைப் பக்கம் வீடு, வண்டிக்குப் பயந்து கேட்டை அடைத்து வளர்க்கிறீர்கள், அது சரிதான், நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் எலி போய்விட்டது. கறிக்கடையில் வாங்குவது எலியின் சதை மாதிரி ஒரு பங்கு மட்டும். சப்ளிமென்ட் என்று நாம் சேர்ப்பதெல்லாம் விட்டுப்போன மற்றப் பங்கைத் திரும்ப வைக்கத்தான், தெம்புக்காகக் கூடுதலாகப் போடுகிற டானிக் இல்லை. இது மனதில் பதிந்தால் எதைச் சேர்ப்பது, எதை நிறுத்துவது என்பது பாதி விளங்கிவிடும்.

முதலில் நிறுத்த வேண்டியவை. மனிதர் மல்டிவிட்டமின் இன்றோடு போதும். அதில் இரும்பும் வைட்டமின் டியும் 60 கிலோ ஆளுக்குப் போட்ட அளவு, உங்கள் பூனை 4 கிலோ. காட் லிவர் ஆயிலும் வேண்டாம். அது மீனின் ஈரல் எண்ணெய், வைட்டமின் ஏ அதில் நிறைய. நீங்கள் தினமும் ஈரலும் போடுகிறீர்கள், இரண்டும் ஒரே பெட்டியை நிரப்புகின்றன. பூனையால் கேரட், பூசணியின் மஞ்சள் சத்தை வைட்டமின் ஏ ஆக மாற்ற முடியாது, அதனால் ஈரல் கட்டாயம் தேவைதான், ஆனால் கிலோவுக்கு 40 கிராம் கோழி ஈரல் தாராளம். ஈரலையே மாதக்கணக்கில் தின்ற பூனைகளுக்குக் கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகி, தலையைத் திருப்பி முதுகை நக்கிச் சுத்தம் செய்யக்கூட முடியாமல் போகும். கழுத்து அப்படி இறுகிவிட்டால் பழையபடி ஆவதில்லை. உங்கள் பக்கத்துக் கடைகளில் "பார்ட்ஸ்" என்று கேட்டால் ஈரலும் இருதயமும் கிஸர்டும் கலந்து தருவார்கள், வாங்கி வந்து பிரித்துக்கொள்ளுங்கள், ஈரலை எடை போட்டு மட்டும், இருதயத்தைத் தாராளமாக.

இருதயம் என்றதும் டாரின், கறியிலும் மீனிலும் இருக்கிற, பூனையின் கண்ணுக்கும் இதயத்துக்கும் வேண்டிய ஒரு சத்து. இதில்தான் உங்கள் கேள்வி ஆரம்பித்தது. மனிதர், நாய் எல்லாரும் வேறு அமினோ அமிலங்களிலிருந்து டாரினைத் தாங்களே உண்டாக்கிக்கொள்வார்கள், பூனைக்கு அந்த வேலை செய்கிற நொதி மிகக் குறைவு. போதாததற்கு அதன் பித்தநீர் டாரின் இல்லாமல் ஓடாது, தினமும் செலவழிந்துகொண்டே இருக்கும். 1975இல் வெளியான ஒரு ஆய்வில், டாரின் இல்லாத பால் புரதத்தை உண்ட பூனைகளுக்கு விழித்திரை சிதைந்தது தெரிந்தது. 1987இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தார், இதயத் தசை தளர்ந்து பெருத்துச் செத்துக்கொண்டிருந்த பூனைகளுக்கு டாரின் கொடுத்ததும் பல மீண்டதைக் காட்டினார்கள். அவை பாக்கெட் தீனி தின்ற பூனைகள், அதற்குப் பிறகுதான் கம்பெனிகள் டாரின் அளவைக் கூட்டின. கண் போனால் திரும்பாது, இதயம் நேரத்தில் கண்டால் திரும்பும். ஆனால் இரண்டும் பல மாதம் சத்தமில்லாமல் வளர்கிற கோளாறு, பூனை நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றும்.

நெஞ்சுக்கறியில் டாரின் குறைவு, கால் கறியில் அதிகம், இருதயத்தில் இன்னும் அதிகம். அதனால் கிலோவுக்கு 100 கிராம் இருதயம் போடுங்கள், மீதியைக் காலும் தொடையுமாக, கொஞ்சம் தோலோடு வாங்குங்கள். டாரின் தண்ணீரில் கரைவது, கறியை அரைத்தாலோ ஐஸில் வைத்து எடுத்தாலோ வடிகிற சிவப்புத் தண்ணீரோடு போய்விடும், அதைக் கொட்டாதீர்கள். மேற்கொண்டு கிலோவுக்கு 2 கிராம் டாரின் பொடி. கறுப்பி ஒரு நாளைக்கு 150 கிராம் சுற்றித் தின்பாள், அவளுக்கு 300 மில்லிகிராம் போகும், சற்றுக் கூடினாலும் சிறுநீரில் போய்விடும், பயமில்லை. உடற்பயிற்சிக்காரர்கள் வாங்குகிற தனி டாரின் பொடி போதும். சுவை, இனிப்பு, வேறு கலவை எதுவும் சேராததாகப் பாருங்கள். எனர்ஜி டிரிங்கில் டாரின் இருக்கிறதே என்று ஒருவர் கேட்டார். அதில் காஃபீனும் இருக்கிறது, பூனைக்கு அது விஷம்.

அடுத்தது சாளை. கொளச்சலிலும் விழிஞ்ஞத்திலும் படகு வந்த நாளில் மலிவாகக் கிடைக்கிறதை விட மனம் வராது, விடவும் வேண்டாம். ஆனால் பச்சையாக வேண்டாம். சாளையின் இனத்து மீன்கள் பலவற்றிலும் நெத்திலி வகைகளிலும் தயாமினேஸ் என்ற நொதி இருக்கிறது, அது வைட்டமின் பி1ஐ வெட்டிப்போடும், அந்த மீனின் பி1ஐ மட்டுமல்ல, கூடக் கலந்த கறியுடையதையும் மாத்திரையுடையதையும். ஐஸில் வைத்தாலும் அது சாகாது, வேகவைத்தால் போய்விடும். பி1 போனால் பூனை முதலில் சாப்பாட்டை வெறுக்கும், வாந்தி எடுக்கும், அப்புறம் நடை தள்ளாடும், தலை நெஞ்சோடு தொங்கிவிடும், பிறகு வலிப்பு. தலை தொங்குவதைக் கண்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், நேரத்தில் பி1 ஊசி போட்டால் பல பூனைகள் ஒரே நாளில் நிமிர்ந்துவிடும். ஆக, சாளை வாரம் இரண்டு நாள், வேகவைத்து, முள் எடுத்து, உப்பும் மஞ்சளும் உள்ளியும் இல்லாமல் ஒரு நேரத்துக்கு 30 கிராம் போல. அதில் வைட்டமின் டியும் மீன் எண்ணெயும் கொஞ்சம் அயோடினும் கிடைக்கும், குளிகை வாங்குகிற செலவு மிச்சம். பூனையின் தோல் வெயிலில் வைட்டமின் டி உண்டாக்காது, தின்றால்தான் உண்டு.

தினமும் மீனே கொடுக்கும் வீடுகளில் இன்னொன்று பார்த்திருக்கிறேன். சூரை மீன் மட்டுமே தின்று வளர்ந்த ஒரு செவலைப் பூனை, வயிற்றைத் தொட்டாலே அலறியது, காய்ச்சல் வேறு. மீன் கொழுப்பு உடம்பில் கெட்டுப்போகாமல் காக்கிறது வைட்டமின் ஈ, அது பற்றாமல் தோலுக்கடியில் உள்ள கொழுப்பே வீங்கிக் கட்டிப்பட்டுவிட்டது. அதனால் மீன் சேரும் தீனியில் வைட்டமின் ஈ கட்டாயம். 200 மில்லிகிராம் குளிகை ஒன்றைக் குத்தி ஒரு கிலோ கலவையில் பிழிந்துவிடுங்கள். பி1 10 மில்லிகிராமாவது இருக்கிற பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை ஒன்றும் பொடித்துப் போடுங்கள். முட்டை மஞ்சள் கரு இரண்டு, வேகவைத்தது. அயோடின் உப்பு 2 கிராம். வெள்ளைக்கருவைப் பச்சையாகப் போட வேண்டாம், அது பயோட்டின் என்ற வைட்டமினைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இவ்வளவும் போட்டாலும் கணக்கு முழுதாகவில்லை, இதையும் நேராகவே சொல்லிவிடுகிறேன். மாங்கனீசு கறியில் மிகக் குறைவு, மேலே சொன்ன உப்பில் தேவையான அயோடினில் பாதிகூட வராது, துத்தநாகமும் செம்பும் கறிக்குக் கறி மாறும். கடல்பாசிப் பொடி போடலாமே என்பீர்கள், பாசிக்குப் பாசி அயோடின் பல மடங்கு மாறும், கூடினால் தைராய்டு கெடும். 2019இல் அதே டேவிஸ் பல்கலைக்கழகத்தார், பூனைக்கு என்று புத்தகங்களிலும் இணையத்திலும் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட வீட்டுச் செய்முறைகளை எடுத்துக் கணக்கிட்டுப் பார்த்தார்கள், எல்லாச் சத்தும் நிறைந்தது என்று ஒன்றுகூடத் தேறவில்லை. மருத்துவர்கள் எழுதியவையும் அதில் உண்டு. அதனால் என் செய்முறையை மட்டும் நம்பி வருடக்கணக்கில் ஓட்டாதீர்கள். வாரத்தில் பாதி நாள் இந்தக் கறி, பாதி நாள் வளர்ந்த பூனைக்கான முழுத் தீனி. இல்லை, முழுக்க வீட்டுக் கறிதான் வேண்டும் என்றால் கறியில் கலப்பதற்கென்றே முழுக் கணக்கோடு வருகிற கலவைப் பொடியை வாங்குங்கள். அப்போது நான் சொன்ன ஓடு, ஈரல், மாத்திரை எதையும் உங்கள் இஷ்டத்துக்குச் சேர்க்கக் கூடாது, அந்த டப்பாவில் சொன்னபடி மட்டும். எலும்பில்லாத கறிக்கான பொடி வேறு, எலும்போடு அரைத்த கறிக்கான பொடி வேறு, அதையும் பார்த்து வாங்குங்கள். திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ திருச்சூர் மண்ணுத்தியிலோ உணவியல் துறையில் கேட்டால் உங்கள் பூனையின் எடைக்குக் கணக்குப் போட்டு வாங்கலாம், அது எல்லாவற்றிலும் நல்லது.

பச்சையாகவே கொடுக்கத்தான் வேண்டுமா என்றும் யோசியுங்கள். நான் வேண்டாம் என்பேன். பிராய்லர் கறியில் சால்மோனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி சகஜம், பூனை தாங்கிக்கொண்டாலும் அதன் தட்டைக் கழுவுகிற கைக்கு, வீட்டில் வயதான அம்மாவுக்கு வரும். இப்போது பறவைக் காய்ச்சலும் சேர்ந்துவிட்டது. 2024இல் ஆலப்புழை, கோட்டயம் பக்கம் வாத்தும் கோழியும் கொத்துக் கொத்தாக அழிக்கப்பட்டது உங்களுக்குத் தெரியும். அதே வருடக் கடைசியில் அமெரிக்காவில் பச்சைக் கறித் தீனி தின்ற பூனை ஹெச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் கிருமி வந்து இறந்தது, 2025 தொடக்கத்தில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் வீட்டுப் பூனைகளுக்கே அந்தக் கிருமி கண்டறியப்பட்டது. ஃப்ரீசரில் வைத்தால் அது சாவதில்லை. ஆகவே எலும்பில்லாத கறியை உள்ளே சிவப்பு போகும்வரை கொஞ்சம் தண்ணீரில் வேகவையுங்கள், அந்தத் தண்ணீரையும் சேர்த்தே கொடுங்கள், டாரின் அதில்தான் இறங்கியிருக்கும். பொடிகள் எல்லாம் ஆறிய பிறகு. பச்சை எடைக்குத்தான் மேலே சொன்ன கிராம் கணக்கு, வெந்த எடைக்கு இல்லை. வெந்த எலும்பு ஒன்றுகூடப் போகக் கூடாது, ஊசி மாதிரி உடையும்.

ஸ்பூன் கணக்கு வேண்டாம். 2 கிராம் பொடியைச் சமையல் தராசு சரியாகக் காட்டாது, நகை நிறுக்கிற மாதிரிச் சின்ன டிஜிட்டல் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், அதை வாங்குங்கள். ஒரு கிலோ கலந்து, நாள் பங்காகப் பிரித்து ஐஸில் வைத்தால் ஒரு வாரத்துக்கு வரும்.

கறுப்பியும் இரண்டு மாதம் இதையே தின்றிருக்கிறாள். அவளையும் கூடவே கொண்டு போங்கள், இதயத்தைக் கேட்கச் சொல்லுங்கள், கண்ணையும் பார்க்கச் சொல்லுங்கள். என்ன தீனி, எத்தனை நாள், எத்தனை குளிகை என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போனால் பார்க்கிற டாக்டருக்குப் பாதி வேலை குறையும். குஞ்ஞனின் எக்ஸ்ரேயில் முறிவு ஏதும் இருக்கிறதா, மலம் எப்படிப் போகிறான் என்று இரண்டு வரி எனக்கும் எழுதுங்கள், அதைப் பார்த்துத்தான் எத்தனை வாரம் அடைத்து வைக்க வேண்டும் என்று சொல்ல முடியும்.